பேரை மட்டும் படிங்க

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், உரக்கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அந்த அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு அவள் நடந்துகொண்டே இருப்பாள். நடக்கும்போது பேனா மூடியைக் கடிப்பாள். மத்தியானச் சாப்பாட்டைக்கூட டப்பாவை ஜன்னல் கட்டையில் வைத்து, நின்றபடியே சாப்பிடுவாள். உட்கார்ந்தால் எதையோ விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். எதை என்று கேட்டேன். மறுபடி நடக்கப் போய்விட்டாள்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாபநாசத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். அவளுடைய அம்மா அங்கே கடைத்தெருவுக்கும் கோயில் பூசைக்கும் போய்வருகிறவர். எல்லோரும் நின்று விசாரிப்பார்கள்.

எனக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் ஊர். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று என் அப்பா புலம்பாத வருஷமே கிடையாது. நடவுக்கு வர வேண்டியவர்களின் பிள்ளைகள் எல்லாம் குவைத்திலும் மலேசியாவிலும் இருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சென்னைக் கம்பெனி ஒன்று தஞ்சாவூரில் கிளை திறந்தது. படித்துவிட்டு வெளியூர் போக முடியாத என்னைப் போன்ற பெண்களுக்கு அது பெரிய விஷயம். மாமியாரோடு இருந்துகொண்டே வேலைக்குப் போகலாம்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரோ செல்ஃபோனோ, எதுவானாலும் அதன் அடியில் கர்னல் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மற்ற எல்லாப் புரோகிராம்களையும் தாங்குவது அதுதான். அதற்குள் திரையைக் கவனிக்கும் பகுதிக்கு கிராஃபிக்ஸ் டிரைவர் என்று பெயர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, கையில் பிடிக்கும் கருவிகளுக்காகப் படம் வரையும் சிப் செய்தது. அதற்கான டிரைவரை நாங்கள் எழுதினோம். அது முழுக்கச் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரு பெயர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்வார். யார் எழுதினாலும் வேறொருவர் படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உள்ளே போகும். அதை ரிவ்யூ என்போம். எங்கள் அலுவலகத்தில் ரிவ்யூ என்றால் அவள்தான்.

நான் சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு ஃபங்ஷனுக்கு ‘பேனல் செக்’ என்று பெயர் வைத்திருந்தேன். பேனல் என்பது திரை. அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். எட்டி, உள்ளங்கையை மானிட்டரில் வைத்து, அந்தப் பெயருக்குக் கீழே இருந்த வரிகளை எல்லாம் மறைத்தாள்.

“பேரை மட்டும் படிங்கக்கா. இதைக் கூப்பிட்டா என்ன நடக்கும்?”

“திரை ஒழுங்கா இருக்கான்னு பாத்துச் சொல்லும்.”

கையை எடுத்தாள். உள்ளே நான் எழுதியிருந்தது அது மட்டுமில்லை. திரை பதில் சொல்லாவிட்டால் அதற்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கும்படியும் எழுதியிருந்தேன்.

“காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு வாங்கன்னா, நீங்க ஊசி போட்டுட்டு வர்றீங்க,” என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைவிட வயதில் சின்னவள். சரி என்று, திரை செத்திருந்தால் மின்சாரத்தை நிறுத்திக் கொடு என்று அர்த்தம் வரும்படி ஒரு பெயர் வைத்தேன். பதில் சொல்லாததெல்லாம் செத்துப்போனது என்று யார் சொன்னது என்று கேட்டாள். அந்த மத்தியானம் முழுக்க அந்த ஒரு பெயரிலேயே போயிற்று. கீழே உரமூட்டை இறக்கும் சத்தம், யூபிஎஸ்ஸின் கீச்சொலி, இவளுடைய நடை. கடைசியில் பெயர் அமைந்ததும் ‘ம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

சில வார்த்தைகள் அவளுக்கு ஆகவே ஆகாது. அப்டேட், மேனேஜ், ப்ராசஸ். ஹேண்டில் என்று யாராவது எழுதிவிட்டால் போதும். கைப்பிடியைக் காட்டுகிறீர்களே தவிர, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்களே என்பாள். பின்னால் முணுமுணுத்தவர்கள் உண்டு. வேலை ஓடுகிறதா இல்லையா, பெயரில் என்ன இருக்கிறது என்று மேனேஜரே ஒருநாள் பொறுமையிழந்து கேட்டார். அவள் நடையை நிறுத்தவில்லை.

“நாம யாராவது இங்கயே இருக்கப் போறமா சார்? ஆளுக்கொரு ஊருக்குப் போயிடுவோம். பின்னால வர்றவங்க யாரைக் கேப்பாங்க? பேரு மட்டும்தான் இங்க நிக்கும்.”

மேனேஜரே அப்போது பெங்களூரில் வேலை தேடிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அலுவலகத்தோடு இது நின்றிருந்தால் அவளுக்கு நல்லதாக இருந்திருக்கும். கும்பகோணத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களும் கத்தோலிக்கக் குடும்பம், நல்ல இடம். அவளுடைய அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, குவைத்தில் ஆயில் கம்பெனியில் பெரிய வேலை என்று அம்மா சொல்லியிருக்கிறார். காப்பித் தட்டோடு நின்ற இவள், “லாரி ஓட்டறான். நல்லா ஓட்டுவான்,” என்றாளாம்.

வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு மரியாதையாகத்தான் போனார்கள். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வாரம் அண்ணன் குவைத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார். அலுவலகத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் நின்று என்னிடம் அதைச் சொன்னாள். டீயைக் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“வண்டி ஓட்டறது கேவலமில்லைன்னு நீ சொல்ற, எனக்குக் கேவலமா இருக்கா இல்லையான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியான்னான். அழுதான்க்கா.” என்னை நிமிர்ந்து பார்த்து, “நான் சொன்னது பொய்யா?” என்றாள்.

“பொய் இல்ல.”

“அப்ப அவன் ஏன் அழுதான்?”

ஆறிப்போன டீயை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிப் போனாள்.

என் விஷயத்திலும் ஒருநாள் கை வைத்தாள். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். என்னைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்வது பற்றிக் கேட்டால், ப்ராசஸ் போய்க்கொண்டிருக்கிறது என்பார். அதைக் கேட்டுக்கேட்டு எனக்குப் பழகியிருந்தது. என் மாமியாரும் விசாரிக்கிறவர்களிடம் அதே வார்த்தையைச் சொல்வார். ஒருநாள் பேச்சுவாக்கில் அவளிடம் நானும் சொன்னேன். சட்டென்று திரும்பினாள்.

“என்ன ப்ராசஸ்க்கா? அப்ளிகேஷன் போட்டாச்சா, போடலையா?”

எனக்கு முகம் சுட்டது. இது டிரைவர் இல்லை, என் குடும்பம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அதன்பிறகு பல நாள் அவளோடு நான் பேசவில்லை. அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாள். நான் மானிட்டரைப் பார்த்தபடியே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

நாங்கள் பேசாதிருந்த அந்த நாட்களில்தான் பெரிய பிரச்சினை வந்தது.

எங்கள் டிரைவரைப் போட்டுச் சோதித்த கருவிகளில் திடீர் திடீரென்று படம் சிதறியது. சிலது அப்படியே உறைந்து நின்றது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காலை முழுக்க நன்றாக ஓடும். நாம் மூச்சு விட்டதும் சிதறும். தினமும் சாயங்காலம் வெளிநாட்டுக் கம்பெனியோடு ஃபோனில் பேச வேண்டும். மேனேஜர் அந்த நேரம் நெருங்க நெருங்கத் தண்ணீராகக் குடிப்பார். யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கிளையை மூடிவிடுவார்கள் என்று உரக்கடைக்காரர்வரை பேச்சு போயிருந்தது.

தோண்டித் தோண்டிப் பார்த்ததில், அவள் வராத ஒரு நாளில் மேனேஜர் சரி சொல்ல, கீழ்வேளூர்க்காரர் ஒருவர் சேர்த்த மாற்றத்துக்குப் பிறகுதான் இது ஆரம்பித்திருக்கிறது என்று தெரிந்தது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்துவிட்டு எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர். மனைவியையும் கைக்குழந்தையையும் அப்போதுதான் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து வீடு பார்த்திருந்தார். சிப் படம் வரைந்து முடித்ததும், அது பயன்படுத்திய நினைவகத்தைத் திரும்ப எடுத்து வேறு வேலைக்குக் கொடுப்பதுதான் அவர் எழுதியது. சிப் வரைந்துகொண்டிருக்கும்போதே இடத்தைப் பிடுங்கிவிட்டார், அதனால்தான் சிதறுகிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் சொன்னார்கள். அவரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் கிளையில் வேறு வேலை கிடையாது. எடுப்பதென்றால் வீட்டுக்கு அனுப்புவதுதான்.

மறுநாள் சாயங்கால ஃபோனுக்கு முன்னால் அவள் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். சிப் முடித்துவிட்டதா என்று பார்க்காமல் இடத்தை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டாள். அவர் குரலை உயர்த்தவில்லை.

“பாத்தேனே மேடம். எடுக்கறதுக்கு முன்னாடி ‘வெயிட் ஃபார் ஐடில்’ கூப்பிட்டிருக்கேன். சிப்பு சும்மா ஆகறவரைக்கும் காத்திருன்னுதானே அர்த்தம்? நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். பேரை மட்டும் படிச்சேன். நம்பினேன்.”

‘வெயிட் ஃபார் ஐடில்’ அவள் எழுதியது. எழுதியபோது அது பெயருக்கு ஏற்றபடிதான் காத்திருந்தது. பிறகு ஒரு சமயம், கருவி மெதுவாக இருக்கிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் நெருக்கியபோது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சிப் முடிக்காவிட்டாலும் திரும்பிவிடும்படி அவளே மாற்றியிருந்தாள். பெயரை மாற்றவில்லை. அவளுடையதாயிற்றே என்று எங்களில் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவும் இல்லை.

பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து அவள் உட்கார்ந்துவிட்டாள். கீழ்வேளூர்க்காரர் பயந்துபோய், தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் ஃபோன் வந்தது. மேனேஜர் வணக்கம் சொல்லி முடிக்குமுன்பே அவள் ஸ்பீக்கர் அருகே குனிந்து பேசினாள். தவறு புதியவருடையது இல்லை, என்னுடையது, செய்யாத ஒன்றைச் செய்வதாகப் பெயர் வைத்திருந்தேன், அவர் அதை நம்பினார், நம்புவதுதான் முறை என்று சொன்னாள். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், ஒரே ஒரு வரியை மாற்றினால் இது சரியாகிவிடும், அதை மட்டும் செய்யுங்கள் என்றார். வரியை மாற்றுகிறேன், பெயரையும் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும் என்றாள் அவள். இப்போது அதற்கு நேரமில்லை என்றார்கள். அதே பேச்சில், இனி ரிவ்யூவை வேறு யாராவது பார்க்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

கீழ்வேளூர்க்காரருக்கு வேலை போகவில்லை.

மறுநாள் காலையில் அவள் நேராக என்னிடம் வந்தாள். நாங்கள் பேசாமல் இருந்ததையே மறந்துவிட்டவள் போல, தான் எழுதியது எல்லாவற்றையும் நான் ரிவ்யூ செய்ய வேண்டும் என்றாள். நான் அவளை என் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று, மானிட்டரில் கை வைத்து மறைத்து, கேட்க ஆரம்பித்தேன். அவளுக்குப் பதில் சொல்ல வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். பெயரை மட்டும் பார்க்க அவளால் முடியவில்லை. அதனால் கீழ்வேளூர்க்காரரைக் கூப்பிட்டோம். அவர் பெயரைப் படித்து, என்ன நடக்கும் என்று சொல்லச் சொல்ல, அவள் சில இடங்களில் கண்ணை இறுக்கிக்கொண்டாள். இன்னும் சில பெயர்கள் பொய்யாகிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்தோம். தண்டனை மாதிரி அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி, அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கூப்பிட்டார். சாப்பாடு, மழை, அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்தபின், நான் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன்.

“அப்ளிகேஷன் போட்டீங்களா, இல்லையா?”

மறுபடி ப்ராசஸ் என்று ஆரம்பித்தார். நான் அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டேன்.

“என் பெர்மிட்டுக்குக் குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாதும்மா,” என்றார். “வந்த அன்னிக்கே தெரியும். இன்ஜினியர் வேலைன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க. இங்க வந்து பாத்தா வெல்டிங். சொன்னா நீ என்ன நினைப்பியோன்னு...”

நான் அழுதேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, இத்தனை நாள் அந்த வெல்டிங்கைத் தனியாகச் சுமந்தாரே என்ற வருத்தம்தான் அதிகமாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுங்கள் என்றேன். வந்தார். இப்போது திருச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் இருக்கிறார். இன்னும் சிங்கப்பூர்ப் பேச்சு வந்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

இதை நான் அவளிடம் சொன்னபோது, அவள் எதிர்பார்த்தபடி நடந்துவிட்ட மாதிரியெல்லாம் காட்டிக்கொள்ளவில்லை. “அவர் அழுதாரா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு மத்தியானம் அவள் குவைத்துக்கு ஃபோன் போட்டுப் பேசியதைப் பார்த்தேன். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே பேசினாள்.

வெளிநாட்டுக்காரர்கள் வேண்டாம் என்ற அந்தப் பெயர்மாற்றத்தை அவள் விடவில்லை. கர்னல் என்பது ஒரு கம்பெனியின் சொத்து இல்லை. உலகமெங்கும் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது. மாற்றங்களை எல்லோரும் பார்க்கும்படி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். எங்கள் டிரைவரும் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. காத்திரு, ஆனால் நேரம் கடந்தால் திரும்பிவிடு என்று பொருள் வரும் நீளமான ஒரு பெயரை அவள் தன் பெயரில் அனுப்பினாள். நீளம் என்றார்கள். மாற்றி அனுப்பினாள். இன்னும் தெளிவில்லை என்றார்கள். வாரக்கணக்கில் இது நடந்தது. கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் சின்னதாக ஒரு பெயர் சொன்னார். அதைப் படித்துவிட்டு, “என்னோடதை விட இது நல்லாருக்குக்கா,” என்று அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த ஜெர்மன்காரர் இருந்த கம்பெனியிலிருந்துதான் பிறகு அவளுக்கு வேலை வந்தது.

போவதா வேண்டாமா என்று அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. இந்த அறை அவளுக்குப் போதவில்லை என்று எங்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. அம்மா தனியாக இருப்பாரே என்று கேட்டேன். ஆமாம், தனியாகத்தான் இருப்பாங்க என்றாள். அந்த வார்த்தைக்கு வேறு பூச்சு எதுவும் பூசவில்லை.

திருச்சி விமான நிலையத்துக்கு அவளை ஏற்றிவிட நானும் போனேன். வாடகைக் காரில் முன்சீட்டில் அவள். பின்னால் அம்மாவும் நானும். வழியெல்லாம் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். வாசலில் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள், வழியனுப்ப வந்த குடும்பங்கள், அட்டைப்பெட்டிகள், அழுகிற குழந்தைகள் என்று ஒரே நெரிசல். உள்ளே விடும் இடத்தில் அவள் டிராலியைப் பிடித்தபடி திரும்பினாள்.

“போறேம்மா.”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் படியிறங்க மாட்டார்கள். “போயிட்டு வரேன்னு சொல்லு,” என்றார்.

அவள் டிராலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு நின்றாள். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள்.

“வருவனான்னு தெரியலம்மா.”

“தெரியாட்டியும் சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். டீக்கடையில், அண்ணன் ஏன் அழுதான் என்று கேட்ட அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. பிறகு அம்மாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“போயிட்டு வரேம்மா,” என்றாள்.

டிராலியைத் தள்ளிக்கொண்டு வேகவேகமாக உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைகளுக்கு நடுவே அவளை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் செங்கிப்பட்டி தாண்டுகிறவரை அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வர மாட்டா,” என்றார் பிறகு. “எனக்குத் தெரியும்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இருந்தாலும் சொல்லிட்டாள்ல,” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கேயாவது நிறுத்தினால் ஒரு காப்பி குடிக்கலாம் என்று டிரைவரிடம் சொன்னார்.